ஊர்ப் பள்ளியின் மாணவர் எண்ணிக்கையைப் படிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் தலைமை ஆசிரியர் உடனே ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார். பள்ளி நன்றாக நடக்கிறது, பிள்ளைகள் குறைகிறார்கள், சீக்கிரம் மூடிவிடுவார்கள் என்று ஊரில் நடக்கும் பேச்செல்லாம் அந்த ஒரு எண்ணை வைத்துத்தான். ஆனால் மொத்த எண்ணிக்கை மட்டும் பள்ளியின் நிலையைச் சொல்லாது. அதை வகுப்பு வாரியாகப் பிரிக்க வேண்டும், ஊரில் பிறந்த குழந்தைகளின் கணக்கோடு சேர்த்து வைக்க வேண்டும், யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று பார்க்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர், புதிதாகப் பொறுப்பேற்ற தலைமை ஆசிரியர், ஊராட்சி உறுப்பினர் என யாரும் ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு இதைச் செய்யலாம். தமிழ்நாட்டில் 1 முதல் 5 வரை வகுப்புகள் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளியை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. எந்தத் தேதியின் எண் என்று கேளுங்கள்

மாணவர் எண்ணிக்கை ஆண்டு முழுதும் ஒன்றாக இருக்காது. ஜூனில் சேர்க்கை சூடாக நடக்கும். அதன் பிறகும் சிலர் வருவார்கள், சிலர் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போவார்கள். அதனால் எண்ணைக் குறிக்கும்போதே தேதியையும் குறித்துவிடுங்கள்.

இரண்டு தேதிகளுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. முதலாவது ஆகஸ்ட் 1. தமிழ்நாட்டில் அன்றைய எண்ணிக்கையை வைத்துத்தான் பணியாளர் நிர்ணயம் நடக்கிறது. எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர், எங்கே உபரி, உபரி ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றும் பணி நிரவல் யாருக்கு என்பதெல்லாம் அதிலிருந்துதான். இரண்டாவது செப்டம்பர் 30. நாட்டின் பள்ளிகளைப் பற்றி ஒன்றிய அரசு எடுக்கும் யூடைஸ் பிளஸ் கணக்கெடுப்புக்கு அதுதான் அடிப்படை நாள்.

இந்த இரண்டு தேதிகளிலும் ஒரு குறை இருக்கிறது. திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் செங்கல் சூளை வேலைக்கு ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்கள் மழைக்காலம் முடிந்த பிறகுதான் வந்து சேர்கின்றன. கோடையின் கடைசியில் திரும்பிவிடுகின்றன. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் அந்தப் பிள்ளைகள் இங்கே இல்லை. கணக்கில் வராத பிள்ளைக்கு ஆசிரியரும் ஒதுக்கப்படுவதில்லை, புத்தகமும் முன்கூட்டி வருவதில்லை. எதிர்ப்பக்கமும் இப்படித்தான். ஜவ்வாது மலை, கல்வராயன் மலை ஊர்களிலிருந்து தோட்ட வேலைக்குக் கேரளா, கர்நாடகம் என்று குடும்பத்தோடு போகிறவர்களின் பிள்ளைகள் செப்டம்பரில் பெயர்ப்பட்டியலில் இருப்பார்கள், பிப்ரவரியில் வகுப்பில் இருக்க மாட்டார்கள். உங்கள் ஊரில் இப்படிப் பருவம் பார்த்து வரும் குடும்பங்களோ போகும் குடும்பங்களோ இருந்தால், பிப்ரவரி 1 என்று மூன்றாவது தேதி ஒன்றை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

2. எண்களை எங்கிருந்து எடுப்பது

பள்ளியில் மூன்று இடங்களில் எண் இருக்கும். சேர்க்கைப் பதிவேடு, வகுப்பு வருகைப் பதிவேடு, எமிஸ் எனப்படும் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமை. மாநிலத்துக்கு எமிஸ் என்றால் நாட்டுக்கு யூடைஸ் பிளஸ். யூடைஸில் ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்கக் குறியீடு உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளி என்றால் 33 என்று தொடங்கும். அடுத்த இலக்கங்கள் மாவட்டம், வட்டாரம், ஊர், கடைசியில் பள்ளி. இந்தக் குறியீட்டைத் தலைமை ஆசிரியரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டால் யூடைஸ் பிளஸ் தளத்தில் பள்ளியின் அடிப்படை விவரங்களை யாரும் பார்க்கலாம்.

பதிவேட்டு எண்களைக் கேட்க நேரான வழி பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். கேட்பது அவர்களின் வேலை, தயங்க வேண்டாம். எங்கும் கிடைக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் மனுவில் தொடங்காதீர்கள். தலைமை ஆசிரியரோடு உட்கார்ந்து பேசினால் ஒரு மதியத்தில் முடிகிற வேலை இது. அவரோடு பகை வந்துவிட்டால் பிறகு எந்த எண்ணும் பயன்படாது.

மூன்று இடத்து எண்களும் பொருந்தாமல் போகலாம். பதறாதீர்கள். ஒரு பிள்ளை மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போனதும் எமிஸில் அதன் பெயர் ‘காமன் பூல்’ என்று ஆசிரியர்கள் சொல்லும் பொதுத் தொகுப்புக்குப் போகும். சேர்ந்த பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். எடுக்கும் வரை பிள்ளை நேரில் ஒரு வகுப்பில் இருக்கும், கணினியில் எங்கும் இருக்காது. வேறு மாநிலத்திலிருந்து வந்த பிள்ளைக்கு இது இன்னும் இழுக்கும். பொருந்தாத பெயர்களைத் தனித்தாளில் எழுதி ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

பழைய ஆண்டுகளோடு ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை. 2022-23 முதல் யூடைஸ் பிளஸ் ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியாகப் பதிகிறது. அதற்கு முன் பள்ளிகள் மொத்த எண்ணைக் கொடுத்தன. நாடு முழுவதற்கும் 2021-22-இல் 26.5 கோடியாக இருந்த எண்ணிக்கை 2022-23-இல் 25.2 கோடியாகக் குறைந்ததில், கணக்கெடுக்கும் முறை மாறியதற்கும் பங்கு உண்டு. அதனால் அந்த இரண்டு ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘பிள்ளைகள் ஓடிவிட்டார்கள்’ என்று முடிவு கட்டாதீர்கள். உங்கள் பள்ளியின் போக்கைப் பார்க்க, கையால் எழுதிய சேர்க்கைப் பதிவேடுதான் நம்பகமானது.

3. வகுப்பு வாரியாகப் பிரியுங்கள்

இந்த வேலையில் மிக முக்கியமான இடம் இதுதான். விளக்கத்துக்காக ஒரு கணக்கை அமைக்கிறேன். ஒரு பள்ளியில் மொத்தம் 58 பிள்ளைகள். வகுப்பு வாரியாகப் பார்த்தால்:

முதல் வகுப்பு 6
இரண்டாம் வகுப்பு 9
மூன்றாம் வகுப்பு 11
நான்காம் வகுப்பு 14
ஐந்தாம் வகுப்பு 18

58 என்பது சுமாரான எண்ணாகத் தோன்றும். ஆனால் கல்வியாண்டு முடிந்ததும் 18 பேர் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போய்விடுவார்கள். அடுத்த ஆண்டும் முதல் வகுப்பில் 6 பேர்தான் சேர்ந்தால் மொத்தம் 46. அதற்கடுத்த ஆண்டு 38. பிறகு 33. பிறகு 30. யாரும் பள்ளியை விட்டு ஓடவில்லை, ஒரு பெற்றோரும் சண்டை போடவில்லை, நான்கே ஆண்டில் பள்ளி பாதியாகிவிட்டது.

எளிய வழி ஒன்று: முதல் வகுப்பு எண்ணிக்கையை 5-ஆல் பெருக்குங்கள். இப்போதைய போக்கு தொடர்ந்தால் பள்ளி போய் நிற்கும் இடம் அது. மேலே உள்ள பள்ளிக்கு அது 30. மொத்தம் 45 இருந்து முதல் வகுப்பில் 12 பேர் இருக்கும் பள்ளி, 58 பேர் உள்ள இந்தப் பள்ளியைவிட நல்ல நிலையில் இருக்கிறது. மொத்த எண்ணை மட்டும் கேட்பவருக்கு இது தலைகீழாகத் தெரியும்.

4. ஆசிரியர் கணக்கு

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4, 121 முதல் 200 வரை 5. 150-க்கு மேல் போனால் தனியாக ஒரு தலைமை ஆசிரியர்.

இந்தப் படிக்கட்டில் 60-க்கும் 61-க்கும் நடுவே இருப்பது ஒரு பிள்ளை. அந்த ஒரு பிள்ளைக்காக ஒரு ஆசிரியர் இடம் வருகிறது அல்லது போகிறது. ஈராசிரியர் பள்ளி என்றால் ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் பார்க்க வேண்டும், அதில் ஒருவர் தலைமை ஆசிரியர். அவர் கூட்டத்துக்கு, பயிற்சிக்கு, வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போகும் நாளில் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். இதைப் பார்க்கும் பெற்றோர் பிள்ளையை வேன் வரும் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். எண்ணிக்கை குறைவதால் ஆசிரியர் குறைவதும், ஆசிரியர் குறைவதால் எண்ணிக்கை மேலும் குறைவதும் இப்படித்தான் ஒன்றையொன்று இழுக்கின்றன. ஜூலை மாதம் சில பள்ளிகளில், போய்விட்ட பிள்ளையின் பெயரை நீக்க மனம் வராமல் ஆசிரியர் வைத்திருப்பதற்கும் இந்த அழுத்தம்தான் காரணம். பெயரை வைத்திருப்பது தவறு. அதைத் திருத்தச் சொல்லும்போது, இந்த நெருக்கடியை ஊரும் புரிந்துகொள்ள வேண்டும்.

நம் உதாரணப் பள்ளிக்கு மூன்றாவது ஆசிரியர் நிலையாக வேண்டுமென்றால் ஆண்டுக்கு 13 பேர் முதல் வகுப்பில் சேர வேண்டும், அப்போதுதான் ஐந்து வகுப்பும் சேர்ந்து 65 ஆகி 60-ஐத் தாண்டும். ஊரில் அத்தனை குழந்தைகள் இருக்கிறார்களா? அதுதான் அடுத்த கேள்வி.

5. ஊரில் எத்தனை குழந்தைகள்?

இதைப் பாராமல் பள்ளியைக் குறை சொல்வதும் பாராட்டுவதும் நியாயமில்லை. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை, தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 1992-93-இல் 2.5. 2019-21-இல் 1.8. குழந்தைகளே குறைந்திருக்கிற ஊரில், முப்பது ஆண்டுகளுக்கு முன் வகுப்பறை நிறைந்திருந்த காலத்தோடு இன்றைய எண்ணை ஒப்பிடுவதில் பொருளில்லை.

தமிழ்நாட்டில் ஜூலை 31-க்குள் 5 வயது நிறைந்த குழந்தை முதல் வகுப்பில் சேரலாம். அப்படியென்றால் 2026 ஜூனில் முதல் வகுப்புக்கு வரவேண்டியவர்கள் 2020 ஆகஸ்ட் 1-க்கும் 2021 ஜூலை 31-க்கும் இடையே பிறந்தவர்கள். இந்தப் பட்டியலை எடுக்க மூன்று பேரைப் பாருங்கள். அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர், அப்புறம் தெருவுக்குத் தெரு எல்லோரையும் தெரிந்த சுய உதவிக் குழுப் பெண்கள். அங்கன்வாடிப் பதிவேட்டில் வசதியான வீட்டுப் பிள்ளைகளின் பெயர் இருந்தாலும் அவர்கள் அங்கே வருவதில்லை. வாடகைக்கு வந்த வெளியூர்க் குடும்பம் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அதனால் தெருவில் நடந்து கேட்பதைத் தவிர்க்க முடியாது.

நம் உதாரண ஊரில் அப்படி 16 குழந்தைகள் கிடைத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 6 பேர் ஊர்ப் பள்ளியில். 7 பேர் தனியார் பள்ளி வேனில். 2 பேர் பக்கத்து ஊர் அரசு உதவி பெறும் பள்ளியில். ஒரு பிள்ளை எங்குமே சேரவில்லை. இப்போது கதை தெளிவாகிறது. ஆண்டுக்கு 13 பேர் சேர வேண்டுமென்றால் 16-இல் 13 பேர். ஐந்தில் நான்கு குடும்பங்கள் ஊர்ப் பள்ளியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எளிதில்லை, ஆனால் முடியாததும் இல்லை. ஊரில் மொத்தமே 8 குழந்தைகள் இருந்திருந்தால், அந்த இலக்கை வைத்துத் தலைமை ஆசிரியரை நெருக்குவது வீண்.

எங்குமே சேராத அந்த ஒரு பிள்ளையை முதலில் கவனியுங்கள். மற்ற 15 பேரும் ஏதோ ஒரு வகுப்பறையில் இருக்கிறார்கள். உடனே தலைமை ஆசிரியருக்கும் வட்டார வள மையத்துக்கும் தகவல் சொல்லுங்கள். பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கண்டறியும் பொறுப்பு அந்த மையத்துக்கு உண்டு.

6. மற்றவர்கள் ஏன் வரவில்லை?

வேனில் போகும் 7 பிள்ளைகளின் வீட்டுக்கும் போய்ப் பேசுங்கள். குற்றம் சாட்டும் குரலில் கேட்டால் ஒருவரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். ‘எங்க புள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடத்துல என்ன இருந்தா நீங்க அனுப்புவீங்க?’ என்று ஒரு தாய் இன்னொரு தாயிடம் கேட்டால் பதில் வரும்.

அடிக்கடி வரும் பதில் எல்.கே.ஜி. பெரும்பாலான ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகள் முதல் வகுப்பில்தான் தொடங்குகின்றன. தனியார் பள்ளி மூன்று வயதிலேயே பிள்ளையை எடுத்துக்கொள்கிறது. போன பிள்ளை ஐந்து வயதில் திரும்பி வருவது அரிது. கல்வி உரிமைச் சட்டப்படி ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கப்படும் 25 விழுக்காட்டு இடங்களும் தனியார் பள்ளியின் தொடக்க வகுப்பில்தான் நிரப்பப்படுகின்றன. அந்த இடத்தைப் பெறும் ஏழைக் குடும்பத்துக்கு அது உரிமை, அவர்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஊர்ப் பள்ளிக்கான போட்டி முதல் வகுப்பு வாசலில் தொடங்குவதற்கு இரண்டு ஆண்டு முன்பே முடிந்துவிடுகிறது என்பதைக் குழு உணர வேண்டும். அங்கன்வாடிக்கு வரும் மூன்று வயதுப் பிள்ளையின் தாயோடு அப்போதே பழக வேண்டும்.

மற்ற காரணங்கள்: ஆங்கில வழிப் பிரிவு இல்லை, கழிப்பறை சரியில்லை, நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டும், வேலைக்குப் போகும் தாய்க்கு மாலை ஆறு மணி வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். 2022 செப்டம்பரில் தொடங்கி 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த காலை உணவுத் திட்டம், விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் வீடுகளுக்குப் பெரிய உதவி. அது இருப்பதே தெரியாத வெளியூர்க் குடும்பங்களும் உண்டு, சொல்லுங்கள்.

7. வந்தவர்கள், போனவர்கள்

இன்று ஐந்தாம் வகுப்பில் இருப்பவர்கள் நான்கு ஆண்டுகளுக்கு முன் முதல் வகுப்பில் இருந்தபோது எத்தனை பேர்? சேர்க்கைப் பதிவேட்டில் பாருங்கள். அன்று 19, இன்று 18 என்றால் ஒருவர்தான் போனார் என்று நினைப்போம். பெயர் பெயராகப் பார்த்தால் 5 பேர் போய், 4 பேர் புதிதாக வந்திருப்பார்கள். அந்த ஐந்து பேரும் எங்கே? மாற்றுச் சான்றிதழ் வாங்கி வேறு பள்ளியில் சேர்ந்திருந்தால் கவலையில்லை. ‘தொடர்ந்து வருகை இல்லை, பெயர் நீக்கம்’ என்று எழுதியிருந்தால் தேட வேண்டிய பிள்ளை அது.

இதோடு வருகைப் பதிவேட்டையும் பாருங்கள். பெயர் 58 இருக்கலாம். திங்கள்கிழமை எத்தனை பேர், வெள்ளிக்கிழமை எத்தனை பேர், அறுவடைக் காலத்தில் எத்தனை பேர்? மதிய உணவு உண்டவர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் உண்மை நிலவரம் தெரியும்.

8. யார் படிக்கிறார்கள்?

ஆண், பெண்: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 6 வயது வரையுள்ள குழந்தைகளில் 1000 ஆணுக்கு 943 பெண். உங்கள் பள்ளியில் பெண்கள் ஆண்களைவிட அதிகமாக இருந்தால், ஐந்தாவது படியில் எடுத்த பட்டியலோடு ஒப்பிடுங்கள். அதே வீட்டிலிருந்து பையன் வேனிலும் பெண் ஊர்ப் பள்ளியிலும் போகிறார்களா என்று பாருங்கள். அப்படி இருந்தால் ஊரே பேச வேண்டிய விஷயம் அது. ஆனால் 58 பேர் உள்ள பள்ளியில் 31 பெண், 27 ஆண் என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சிறிய எண்ணில் இரண்டு மூன்று பேர் கூடுவதும் குறைவதும் இயல்பு.

சமூகப் பிரிவு: எமிஸில் பிற்படுத்தப்பட்டோர், பிற்படுத்தப்பட்ட முஸ்லிம், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர், அருந்ததியர், பழங்குடியினர் எனப் பிரிவுகள் இருக்கும். உதவித்தொகையும் ஊக்கத்தொகையும் இதன்படி வருவதால் இந்தத் தகவல் தேவை. இதை ஊரின் அமைப்போடு சேர்த்துப் பார்த்தால் கசப்பான ஒன்று தெரியலாம். ஊர்த்தெருப் பிள்ளைகள் எல்லோரும் வேனில், காலனிப் பிள்ளைகள் மட்டும் ஊராட்சிப் பள்ளியில் என்ற நிலை பல இடங்களில் இருக்கிறது. எண்ணிக்கை குறைவு என்று பள்ளியை இணைக்கும் பேச்சு வந்தால் அடி யார் மேல் விழும் என்பது அப்போது புரியும். சாதி, மதம் குறிப்பிட விரும்பாத பெற்றோர் அந்த இடத்தைக் காலியாக விடலாம், அதற்கு 1973-லேயே அரசாணை உண்டு.

தாய்மொழி: திருப்பூரிலும் சென்னையின் ஓரங்களிலும் வகுப்பில் ஒடியா, இந்தி, வங்காளம் பேசும் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஓசூர் பக்கம் தெலுங்கும் கன்னடமும் தலைமுறை தலைமுறையாக உண்டு. தாய்மொழிக் கட்டத்தில் எல்லோருக்கும் ‘தமிழ்’ என்று போட்டு விடுகிறார்களா என்று பாருங்கள். அப்படிப் போட்டால் அந்தப் பிள்ளை மெதுவாகப் படிக்கிறது என்று தவறாக எழுதப்படும். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் அருகே இருந்தால் அங்குள்ள பிள்ளைகளின் சேர்க்கையையும் தனியாகப் பாருங்கள்.

மாற்றுத்திறன் குழந்தைகள்: 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் குறிப்பிடுகிறது. பள்ளி எண்ணிக்கையில் ‘ஒன்றுமில்லை’ என்று இருந்தால், இல்லை என்று நம்பிவிடாதீர்கள். லேசான செவித்திறன் குறைவு, கற்றல் குறைபாடு போன்றவை ஆசிரியர் கண்ணில் படாமலே போகும். இன்னொன்று, வீட்டிலிருந்தே பயிற்சி பெறும் பிள்ளையின் பெயரும் பள்ளிப் பட்டியலில் இருக்கலாம். வகுப்பில் காணோம் என்று அதைப் போலிப் பெயராக எண்ண வேண்டாம்.

9. எதை வெளியே சொல்லக் கூடாது

சிறிய பள்ளியில் எண்ணே அடையாளம் ஆகிவிடும். ‘மூன்றாம் வகுப்பில் பழங்குடியினர் 1’ என்று அறிவிப்புப் பலகையில் எழுதினால் பெயரை எழுதியதற்குச் சமம். ஐந்துக்குக் குறைவான எண் வரும் இடத்தில் வகுப்பைச் சொல்லாமல் பள்ளி மொத்தத்தை மட்டும் சொல்லுங்கள். அதிலும் குறைவாக இருந்தால் வெளியிடவே வேண்டாம். பெயர்ப்பட்டியலைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். சாதி விவரம் கேட்கப் பிள்ளைகளை வகுப்பில் எழுந்து நிற்க வைப்பது எந்தக் காலத்திலும் கூடாது. பெற்றோரிடம் தனியாகக் கேட்டால் போதும்.

10. எப்போது என்ன செய்வது

கடந்த சில ஆண்டுகளாக அரசுப் பள்ளிகளில் மார்ச் மாதமே சேர்க்கை தொடங்கிவிடுகிறது. அதனால் ஐந்து வயதுப் பட்டியல் பிப்ரவரிக்குள் கையில் இருக்க வேண்டும். மார்ச், ஏப்ரலில் வீடு வீடாகப் பேசுங்கள். மே 1 கிராம சபையில் வகுப்பு வாரி எண்களையும் ஊரின் குழந்தைக் கணக்கையும் சேர்த்து வாசியுங்கள். கழிப்பறை, சுற்றுச்சுவர், சாலை கடக்கும் இடம் என்று பெற்றோர் சொன்ன காரணங்களில் ஊராட்சி செய்யக்கூடியவை தீர்மானமாக வரட்டும். ஜூலை கடைசி வாரத்தில் பதிவேடு, எமிஸ் இரண்டையும் சரிபார்த்துவிடுங்கள், ஆகஸ்ட் 1-க்குப் பிறகு வருந்திப் பயனில்லை.

சேர்க்கைக்கு வரும் குடும்பத்தைக் காகிதத்தைக் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது. பிறப்புச் சான்று இல்லை என்று மறுக்கக் கூடாது, மாற்றுச் சான்றிதழ் தாமதம் என்றும் மறுக்கக் கூடாது. இரண்டும் கல்வி உரிமைச் சட்டத்தில் தெளிவாக இருக்கின்றன. ஆதார் இல்லாததால் பள்ளிச் சேர்க்கையை மறுக்க முடியாது என்பது 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆண்டின் நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை இதுவரை பள்ளிக்கே போகவில்லை என்றாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, பின்தங்கியதை ஈடுகட்டச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும்.

பிப்ரவரி 1-இல் மறுபடி எண்ணுங்கள். சூளையிலோ கட்டட வேலை நடக்கும் இடத்திலோ புதிதாக வந்த குடும்பங்களின் பிள்ளைகளை அன்றே சேர்த்து, அந்த எண்ணை வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள், ஒரு நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு கூடுதல் ஆசிரியரோ பயிற்சி மையமோ கேட்கும்போது காட்ட அந்த நகல்தான் இருக்கும்.